ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு உங்கள் பள்ளியில் என்ன வழக்கம்?

பென்னாகரம் ஆசிரியை:

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் ஊரில் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வேலை முடிந்ததும் குடும்பத்தோடு திரும்புவார்கள். பிள்ளை அக்டோபரிலோ ஜனவரியிலோ வந்து நிற்கும். பதிவேட்டில் பெயர் எழுதுவது சுலபம், அதன்பிறகுதான் சிக்கல்.

சென்ற வாரம் அப்படி ஒரு பையன் வந்தான். கன்னடம் சரளம். தமிழ் பேசுவான், எழுத வராது. காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது பக்கத்தில் நிற்பவனின் உதட்டைப் பார்த்து, அரை நொடி பின்தங்கி, வாயை மட்டும் அசைக்கிறான். மதியம் தட்டோடு வரிசையின் கடைசியில் நிற்கிறான். முன்னால் இடம் இருந்தாலும் நகர்வதில்லை.

வழக்கங்களுக்குக் குறைவில்லை. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆண்டு விழா, பொங்கல், 2024இல் வந்த மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் எல்லாம் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரித்து, தலைவர்களையும் போட்டு முடித்தபின் வருகிறவனுக்கு என்ன மிச்சம்? மேடையேற்றிக் கைதட்டும் யோசனை மட்டும் வேண்டாம். கூச்சப்படுகிற பிள்ளை இன்னும் சுருங்கிவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரூர்:

மணியடிக்கும் வேலையைக் கொடுங்கள் அம்மா. எங்கள் பள்ளியில் புங்க மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரம் மணி அவர்களுடையது. இரண்டே நாளில் பள்ளி முழுவதும் முகம் தெரிந்துவிடும். சாப்பாட்டு மணிக்கு முன்னால், கொஞ்சம் சீக்கிரம் அடிக்கச் சொல்லி ஒரு கூட்டமே பின்னால் சுற்றும். பேச்சு வராத பிள்ளைக்கும் அது போதும். அதுவரை அடித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஒன்று மட்டும். பெருக்குவது, தண்ணீர் தூக்குவது போன்றவற்றைப் பொறுப்பு என்ற பெயரில் கொடுத்துவிடாதீர்கள். அந்த வேலையை யாரிடம் சொல்வது என்பதில் நம் பக்கத்தில் பழைய கணக்குகள் உண்டு.

தளிக்காரன்:

எங்கள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். நான் மே மாதம் பிறந்தவன். படித்து முடிக்கும்வரை எனக்கு யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை! ஆகவே இருக்கிற வழக்கம் யாரை விட்டுவிடுகிறது என்று முதலில் பாருங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. வெள்ளிக்கிழமை செய்தி வாசிப்பில் ஒரு செய்தி தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும். எங்களில் ஒருவர் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு கன்னடக் கிரிக்கெட் செய்திக்குக் காத்திருந்தார்கள். உங்கள் பையனுக்கு இது கைவந்த வேலை.

பி.எட். மாணவி, தருமபுரி:

மேடம், பாடத்துக்காகப் படித்தது ஒன்று. கிரிகோரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ‘நான் இந்த இடத்துக்கு உரியவன்தானா’ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வந்து போவதுதான் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு அடுத்து வரப்போகிறவர்களுக்காக அவர்களையே எழுதவும் வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது. அது கல்லூரி, நம்முடையது நடுநிலைப் பள்ளி. அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு நடுவில் வந்த பிள்ளைகள் அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வைப்பதை வழக்கமாக்கலாமே?

பென்னாகரம் ஆசிரியை:

ஐயா, எங்களுடையது மின்சார மணி, சுவிட்ச் அலுவலக அறைக்குள் இருக்கிறது. ஆனால் சத்துணவு தயாரானதும் தட்டைத் தட்டித்தான் சொல்கிறார்கள். சமையலரிடம் பேசிவிட்டேன், திங்கள் முதல் அது இவன் பொறுப்பு. இப்போது இரண்டாவது ஆளாகச் சாப்பிட உட்காரலாம். முதல் தட்டு ருசி பார்க்கிற எனக்கு. முல்லைக் குழுவிலும் பெயர் சேர்த்தாயிற்று.

கடிதத்துக்கு எட்டாம் வகுப்பில் ஒருத்தியைக் கேட்டேன், அவளும் நடுவில் வந்தவள்தான். எந்தக் கிழமை என்ன சாதம் என்பதை முதலில் எழுதட்டுமா என்றாள். சரி என்றேன். தமிழ் படிக்க வராதவனுக்கு அவளே வாசித்துக் காட்டுவாளாம். தளித் தம்பி, கன்னடச் செய்தித்தாள் பென்னாகரத்தில் எங்கே கிடைக்கும்?