கரிசல் மனையில் வீடு: வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்ன?

கேள்வி: கரிசல்மனை

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராம ஊராட்சியில் எங்களுக்கு 6 சென்ட் மனை இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை பருத்தியும் உளுந்தும் விளைந்த புஞ்சை அது. இப்போது பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கீழ்த்தளத்தை மட்டும் 1,200 சதுர அடியில் இப்போது கட்டிக்கொண்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மாடி எடுக்கலாம் என்று நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். வீட்டின் வரைபடம் ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

கடந்த சித்திரையில் மனையைப் பார்க்கப் போனபோது மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை தடையின்றி இறங்கியது. பக்கத்து மனையில் நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய சுற்றுச்சுவர் சாலைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதைக் கண்டதிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் மேஸ்திரி, 5 அடி ஆழத்துக்கு வானம் தோண்டி, அதில் 2 அடிக்கு மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் கருங்கல் கட்டு எழுப்பினால் போதும் என்கிறார். என் மைத்துனர், தூண் எழுப்பி ஒவ்வொன்றுக்கும் ஃபூட்டிங் (அடியில் அகன்ற கான்கிரீட் பாதம்) போடுவதே பாதுகாப்பு என்கிறார். மூன்றாவதாக ஒருவர் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்கிறார். ஆவணியில் பூமி பூஜை செய்துவிட்டு உடனே வேலையைத் தொடங்க நினைக்கிறோம். இம்மூன்றில் எது சரி, மண் பரிசோதனைக்குத் தனியாகச் செலவிடத்தான் வேண்டுமா, மனையில் முதலில் எதைச் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: அமைப்பியல் பொறியாளர், மதுரை

வணக்கம் ஐயா. உங்கள் கேள்விகளில் கடைசியாக வந்ததைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவணியில் பூமி பூஜை தாராளமாகச் செய்யுங்கள்; ஆனால் வானம் தோண்டுவதைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அதற்கான காரணம் உங்கள் மனையில் நிற்கும் சீமைக்கருவேலத்தில் இருக்கிறது.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் பொங்குகிறது. நீர் வெளியேறும்போது சுருங்கி வெடிக்கிறது. நீங்கள் கையை விட்டுப் பார்த்த வெடிப்பு இந்தச் சுருக்கத்தால் வந்ததே. சீமைக்கருவேலத்தின் வேர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சிவிடுவதால், மரம் நிற்கும் பகுதி மற்ற பகுதியைவிடக் கூடுதலாக உலர்ந்திருக்கும். மரத்தை வெட்டிய கையோடு அங்கே வீடு கட்டினால், அந்தப் பகுதி மட்டும் பின்னால் நீரை ஏற்றுக்கொண்டு பொங்கும்; வீட்டின் ஒரு பாதி உயர, மறுபாதி அப்படியே நிற்கும். ஆகவே இப்போதே ஜேசிபி வைத்து மரங்களைத் தூரோடு அகற்றிவிட்டு, வேர் எடுத்த குழிகளைக் கிராவல் மண்ணால் அடுக்கடுக்காக நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறையேனும் மனை முழுவதும் இறங்கட்டும்.

மண் பரிசோதனை கட்டாயம் தேவை. வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. வீடு அமையவிருக்கும் பரப்பின் எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள். கரிசல் எத்தனை அடிக்கு இருக்கிறது, அதன் அடியில் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த சுக்கான் மண்ணா, சரளையா, பாறையா என்பது அதில் தெரிந்துவிடும். தாங்குதிறனோடு நிறுத்திக்கொள்ளாமல், மண் நீரில் எவ்வளவு பொங்கும் என்பதைக் காட்டும் தடையற்ற வீக்கக் குறியீட்டையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். அந்தச் சோதனை எளிமையானது. சலித்த உலர்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெயிலும் மற்றொன்றை வடிநீரிலும் போட்டு வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் பொங்காது, நீரில் பொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதமாகக் கணக்கிடுவார்கள். 100 சதவீதத்தைத் தாண்டினால் அது மிகுந்த கவனம் தேவைப்படும் மண்.

மேஸ்திரி சொல்லும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. கரிசலுக்கு நடுவே மணல் நிரப்பிய வானம், மழைக்காலத்தில் ஒரு கால்வாய்போல நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, இருபுறமும் உள்ள கரிசலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே நாம் அடித்தளத்தின் கீழ் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். மைத்துனர் சொல்லும் தனித்தனி ஃபூட்டிங், கரிசல் 5, 6 அடியில் முடிந்து உறுதியான சரளை வந்துவிடுமானால் பொருந்தும். கரிசல் அதற்கும் ஆழமாக இருந்தால் அண்டர்ரீம்டு பைல்தான் என் பரிந்துரை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. 30 செ.மீ. விட்டமுள்ள துளையை ஆழமாக இறக்கி, அடியில் மட்டும் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 75 செ.மீ. அகலத்துக்குக் குடம்போல விரித்து, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். பருவத்துக்குப் பருவம் நீர் ஏறி இறங்கும் மண்ணுக்குக் கீழே அந்தக் குடம் ஊன்றி நிற்பதால், மேல்மண் பொங்கும்போது வீட்டைத் தூக்க விடாது. ஆழமான கரிசலில் பைலின் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையக்கூடாது.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பைல்களின் தலையை இணைக்கும் பிளிந்த் பீம் மண்ணின்மேல் உட்காரக்கூடாது. பீமின் அடிப்பகுதிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 80 மி.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும்; மண் பொங்கினால் அந்த இடத்துக்குள்தான் பொங்க வேண்டும். பலகையடித்து வார்த்துவிட்டுப் பலகையை உருவியதும், "சந்து இருக்கிறதே" என்று சித்தாள்கள் நல்லெண்ணத்தோடு அதில் ஜல்லியையும் மண்ணையும் அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நிரப்பும் மண் சரிந்து அந்தச் சந்தை மூடாதபடி உட்புறம் ஒரு செங்கல் வரிசை வைத்தால் போதும். தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் (வீட்டுத் தரைக்குக் கீழே நிரப்பும் பகுதிக்குள்) திருப்பிக் கொட்டாதீர்கள். கிராவலை 6 முதல் 9 அங்குல அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும்.

வரைபடம் முடிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மண் அறிக்கை வரும் வரை அதை முடிவு என்று கொள்ளாதீர்கள். மாடியின் பாரத்தையும் இப்போதே கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பைலைப் பின்னாளில் வலுப்படுத்துவது எளிதன்று.

பதில் 2: ஓய்வுபெற்ற நில அளவர்

பொறியாளர் ஐயா மண்ணைப் பற்றி நிறைவாக எழுதிவிட்டார். நான் தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

6 சென்ட் என்பது ஏறத்தாழ 2,613 சதுர அடி. தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறையில், மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால்தான் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கும். உங்கள் மனை சுமார் 114 சதுர அடி கூடுதலாக இருப்பதால், வழக்கமான ஒற்றைச் சாளர விண்ணப்பத்தின் வழியேதான் போக வேண்டியிருக்கும். அதற்கான காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையில் தொடங்க வேண்டுமென்றால் ஆவணியில் தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

புஞ்சை நிலம் எப்படி மனையானது என்பதையும் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா, அல்லது வரன்முறைப்படுத்தப்பட்டதா? 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்த ஆணை இருக்கிறதா என்பதை வங்கிக் கடனுக்கும் கேட்பார்கள், அனுமதிக்கும் கேட்பார்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். 6 சென்ட் என்றால் 2.43 ஏர் வர வேண்டும். பத்திரத்தில் 6 சென்ட் என்றும் பட்டாவில் 2.30 ஏர் என்றும் இருந்தால் அதைத் தீர்க்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடத்தை) எடுத்து, அரசு நில அளவரைக் கொண்டு, பக்கத்து மனைக்காரர்களை உடன் வைத்துக்கொண்டு அளந்து நான்கு மூலைகளிலும் கல் நடுங்கள். சாய்ந்து நிற்கிறது என்றீர்களே, அந்தச் சுற்றுச்சுவரை எல்லையாகக் கொண்டு அளக்கவே கூடாது.

ஒவ்வொரு புல எண்ணும் எவ்வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் பக்கத்துப் புல எண்களையும் பார்த்துவிடுங்கள். கரிசல் காட்டில் ஓடைகள் கோடையில் கண்ணுக்குத் தெரியா. உழுது சமப்படுத்திவிட்டால் வயல்போலவே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அந்த நீரெல்லாம் பழைய வழியைத் தேடித்தான் போயிற்று. உங்கள் மனையில் அன்று எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேஸ்மட்ட உயரத்தை அதற்கு மேலாக முடிவு செய்யுங்கள். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் அது உயர்ந்துகொண்டே வரும் என்பதையும் மறவாதீர்கள்.

பதில் 3: சாத்தூர்வாசி

வணக்கம் தம்பி. நாங்கள் சாத்தூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அடித்தளத்தை நன்றாகவே போட்டோம். தண்ணீரைத்தான் கவனிக்கத் தவறினோம். அதை எழுதுவது உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

குடியேறிய இரண்டாம் ஆண்டில் அடுப்பங்கரைச் சன்னலின் மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. பூச்சு சரியில்லை என்று இரண்டு முறை பட்டி பார்த்து வெள்ளையடித்தோம். இரண்டு முறையும் அதே இடத்தில் பிளந்தது. பின்கதவு அடிப்பகுதியில் தரையை உரசத் தொடங்கியது. ஒரு பொறியாளர் வந்து, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கண்ணாடி கீறியிருப்பதைக் கண்டேன். அந்த மூலையில் வெளியே தோண்டிப் பார்த்தால், குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், சுற்றிலும் மண் களியாகக் குழைந்திருந்தது. மற்ற மூன்று மூலைகளில் மண் உலர்ந்திருக்க, அந்த ஒரு மூலை மட்டும் இரண்டு ஆண்டுகளாக நீரைக் குடித்துப் பொங்கியிருக்கிறது.

குழாயை மாற்றிய பிறகு, வீட்டைச் சுற்றி 4 அடி அகலத்துக்கு வெளிப்புறமாகச் சரிந்த கான்கிரீட் தளம் போட்டோம். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாய் வழியே தள்ளிப் போகும்படி செய்தோம். அதன் பிறகு விரிசல் வளரவில்லை. அந்தத் தளத்தைச் செலவைச் சுருக்குவதற்காகக் கடைசிக்குத் தள்ளியவர்கள் நாங்கள், நீங்கள் தள்ளாதீர்கள். சுவரோரம் வாழையும் கறிவேப்பிலையும் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேப்பமரம் வைக்க விரும்பினால், அது வளரக்கூடிய உயரத்தளவு தூரம் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, கட்டுமானத் தண்ணீர். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல உப்புக்கரிப்பவை. வேலை தொடங்கும் முன் நீரைச் சோதித்துவிடுங்கள்.

கரிசல்மனை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மரங்களை இந்த வாரமே அகற்ற ஏற்பாடு செய்துவிட்டேன். தை மாதத்தில் தொடங்குவதென்று வீட்டிலும் பேசி முடிவெடுத்தோம். பட்டாவை எடுத்துப் பார்த்தேன், 2.43 ஏர் என்றே இருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியும் நிலத்தடித் தொட்டியும் வரைபடத்தில் சமையலறைக்கு ஒட்டியே இருக்கின்றன. சாத்தூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அது தவறோ என்று தோன்றுகிறது. தண்ணீர்ச் சோதனையில் எதைப் பார்க்க வேண்டும்?

அமைப்பியல் பொறியாளர், மதுரை

தவறுதான் ஐயா; இரண்டையும் இடம் மாற்றுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் கரிசலில் நீர் எளிதில் கீழிறங்காது. சுவரோரம் குழி எடுத்தால் அது அடித்தளத்துக்கு நீர் பாய்ச்சுவதாகவே முடியும். கூரை நீரை வடிகட்டி முதலில் தொட்டியில் சேமியுங்கள். உப்பு நீர்ப் பகுதியில் உங்களுக்கு அதுவே சமையலுக்கும் உதவும். நிரம்பி வழிவதை மட்டும் மனையின் தாழ்ந்த மூலையில், வீட்டிலிருந்து இயன்றவரை தள்ளியுள்ள குழிக்கு விடுங்கள். தொட்டியையும் வீட்டின் பீமோடு இணைக்காமல் தனியாகக் கட்டி, உட்புறம் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒரு வாரம் நீர் நிரப்பிக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே சுற்றிலும் மண் தள்ளுங்கள்.

நீரில் பி.எச். அளவு 6-க்குக் குறையக்கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் சல்ஃபேட் 400 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கூறும் வரம்பு. உங்கள் கிணறு அதைத் தாண்டினால் கான்கிரீட் கலக்க மட்டுமாவது நல்ல தண்ணீரை லாரியில் வரவழையுங்கள். நீராற்றுவதற்கும் (வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கும்) உப்பு நீர் நல்லதன்று. பைல் தலைகளையும் பிளிந்த் பீமையும் சாக்கு சுற்றி நனைத்து வைத்தால் குறைந்த நீரிலேயே 10 நாள் ஈரம் காக்கலாம். மண் அறிக்கை வந்ததும் கரிசலின் ஆழத்தையும் வீக்கக் குறியீட்டையும் இங்கே எழுதுங்கள். பைலின் நீளத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.