காது கருவிச் செயலி இயங்குகிறது, ஆனால் அழைப்பு காதில் கேட்கவில்லை

கேள்வி: தஞ்சை மகள்

என் தந்தைக்கு எழுபத்து நான்கு வயது. இரு காதுகளுக்கும் ப்ளூடூத் வசதியுள்ள, சார்ஜ் செய்யும் வகைக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறோம். அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவிய செயலியைக் கொண்டு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், 'உணவகம்' என்ற அமைப்புக்கு மாற்றவும் முடிகிறது. ஆனால் அழைப்பு வந்தால் எதிர்முனைக் குரல் கருவிக்குள் வருவதே இல்லை. கைப்பேசியைச் சிறிது நேரம் தொடாமல் வைத்திருந்தால் செயலியும் 'இணைப்பு இல்லை' என்கிறது. போதாக்குறைக்கு, கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் தாங்காமல் அவர் ஒலியைக் குறைத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காமல் போகிறது. குறை கருவியிலா, கைப்பேசியிலா?

மறுமொழி: செவித்திறன் நிபுணர்

அம்மா, செயலி இயங்குவதும் அழைப்பு காதில் ஒலிப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒலியைக் கூட்டு, குறை என்பன போன்ற சிறு கட்டளைகளை அனுப்ப ஏறத்தாழ எந்தக் கைப்பேசியும் போதும். குரலை நேரே கருவிக்கு அனுப்புவதற்கோ, கருவியும் கைப்பேசியும் ஒரே முறையை ஏற்பவையாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கான 'ஆஷா' என்ற முறை பத்தாம் பதிப்பில், அதாவது 2019இல்தான் வந்தது. அதன் பிறகு வந்த கைப்பேசிகளிலும் தயாரிப்பாளர் அதைச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். சாதாரண ஹெட்செட் போலவே எந்தக் கைப்பேசியுடனும் இணையும் கருவிகளும் உண்டு. ஆகவே உங்கள் கருவி நிறுவனத்தின் இணையதளத்தில், எந்தெந்தக் கைப்பேசிகள் பொருந்தும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள். 'ஆஷா' முறையில் எதிர்முனைக் குரல் காதுக்கு வரும், ஆனால் அப்பாவின் குரலை எடுப்பது கைப்பேசியின் மைக்தான் என்பதால், அதை வாயருகே பிடித்துப் பேச வேண்டும்.

மண்டபத்தில் ஒலியைக் குறைத்தால் மேளமும் பேச்சும் சேர்ந்தே குறையும். அதற்குப் பதிலாக 'உணவகம்' அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மேளம் முதுகுப்பக்கம் இருக்குமாறும் பேசுபவர் எதிரே இருக்குமாறும் அவரை உட்கார வையுங்கள். அந்த அமைப்பில் கருவியின் மைக்குகள் முன்பக்க ஒலிக்கே முதலிடம் தரும். அப்போதும் சத்தம் தாங்க முடியவில்லை என்றால், உச்ச ஒலிக்கான வரம்பைக் கருவி பொருத்தியவர்தான் தம் கணினியில் மாற்ற வேண்டும். செயலியால் அது முடியாது.

மறுமொழி: மதுரை வாசகர்

நானும் கருவி அணிபவன். இணைப்பு அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் கைப்பேசியின் பேட்டரி சிக்கனம்தான் காரணம். பின்னணியில் கிடக்கும் செயலியை அது நிறுத்திவிடுகிறது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதியும், அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதியும் தேவை. பிறகும் இணையாவிட்டால் கருவிகளைச் சார்ஜர் பெட்டியில் வைத்து எடுங்கள். பல கருவிகள் அதன்பின் ஓரிரு நிமிடங்கள் இணைப்புக்குக் காத்திருக்கும். செயலி அறுந்தாலும் கருவி தன்பாட்டில் வேலை செய்யும் என்பதை அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள், பதற்றம் குறையும். கருவியில் பொத்தான் இருந்தால் அதையும் பழக்குங்கள். மண்டபக் கூட்டத்தில் கண்ணாடியைத் தேடி, கைப்பேசியைத் திறந்து, செயலியை எடுப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்!

கேட்டவர்: தஞ்சை மகள்

மிக்க நன்றி. பார்த்தேன், அவருடையது ஆண்ட்ராய்டு 9, பட்டியலில் அந்தக் கைப்பேசி இல்லை. பழகிய கைப்பேசியை விட அவருக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி: செவித்திறன் நிபுணர்

உண்டு. சில நிறுவனங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு இடைக்கருவி ஒன்றைத் தனியாக விற்கின்றன. அது பழைய கைப்பேசியுடனும் ஹெட்செட் போல இணைந்து, குரலைக் காதுக் கருவிகளுக்கு அனுப்பும். அதிலேயே மைக் இருந்தால் கைப்பேசியைக் கையில் பிடிக்கவும் வேண்டாம். உங்கள் கருவியின் மாடலுக்கு அது உண்டா என்று, பொருத்திய இடத்தில் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் இடைக்கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பெரும்பாலும் சேராது.