வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்பது சரியா?

நொய்யல்கரையான்:
தம் வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்கு ஊதியம் வேண்டும் என்ற பெண்ணியவாதிகளின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. தமிழக அரசு 2023 செப்டம்பரில், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதலே பெண்களுக்குக் கட்டணமில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதையும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பதையும் ஒன்றாக எண்ணினால் குடும்பம் என்னாவது?

பவர்டேபிள்:
ஐயா, அந்தப் பனியன் கம்பெனியிலிருந்தே தொடங்குகிறேன். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிறது. இருவரும் ஒரே நேரத்தில் வேலை முடித்து வந்தாலும் கணவர் டீக்கடைக்குப் போகிறார், மனைவி அடுப்படிக்குப் போகிறார். பாசம் ஒருவருக்கு மட்டும்தானா? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். அந்த ஆண்களும் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தாம். நகரமும் இந்த உழைப்பை நம்பியே நடக்கிறது. நல்ல தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை, அதுவும் நேரம் தெரியாமல் வருகிறதென்றால், குழாயடியில் காத்திருக்க வீட்டில் ஒருத்தி இருப்பாள் என்பதை மாநகராட்சி முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்கிறது என்றுதானே பொருள்?

நொய்யல்கரையான்:
அது நிர்வாகக் கோளாறு, சகோதரி. அதைப் பெண்ணியத்தோடு சேர்ப்பது பொருந்தாது. தொட்டி கட்டி மோட்டார் வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் காத்திருப்பதில்லை.

பவர்டேபிள்:
வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தொட்டியை எங்கே கட்டுவார்?

பவானிக்காரி:
நான் இருவரோடும் முரண்படுகிறேன். 1972இல் இத்தாலியில் இதே கோரிக்கை இயக்கமாக எழுந்தபோது, ஊதியம் பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவிடும் என்று பெண்ணியவாதிகளே மறுத்தனர். அந்த அச்சம் எனக்கும் உண்டு. மாதப் பணத்தைவிடச் சொத்தில் பங்கே முக்கியம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டை நடத்திய மனைவிக்கு, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் சம உரிமை உண்டென்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பக்கத்திலோ, சீர் செய்தாயிற்று என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத் தோட்டத்தை மகன் பெயருக்கு எழுதுகிறார்கள்.

நொய்யல்கரையான்:
சீரும் நகையும் பங்கில் சேராதா?

பவானிக்காரி:
நகை அடகுக்குப் போகிறது, தோட்டம் ஏக்கருக்கு விலை ஏறுகிறது. இரண்டையும் தாங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பவர்டேபிள்:
பங்கு கேட்கத் தோட்டம் உள்ள வீட்டில் பிறந்திருக்க வேண்டுமே, அக்கா. ஊர்விட்டு வந்து தைப்பவர்கள் கேட்பது, தண்ணீருக்கு அறிவிக்கப்பட்ட நேரமும் இரவில் ஷிப்ட் முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமும்தான். அங்கன்வாடி மாலையிலேயே மூடிவிடுகிறது.