"உனக்குப் பிடிக்கும், பாரு"ன்னு யாராவது தந்த அனிமே (ஜப்பான் அனிமேஷன்): உங்க அனுபவம் சொல்லுங்க

மழைக்குருவி:
அக்கா வீட்டுல நடந்தது இன்னும் உறுத்துது. மாமாவோட ஆபீஸ் நண்பர், "குட்டிக்கு டோட்டோரோ படம் பிடிச்சிருக்கா? இதுவும் அதே கிப்லி ஸ்டுடியோதான்"னு 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' போட்டு விட்டுட்டார். குட்டிக்கு ஆறு வயசு! நான் ஹாலுக்கு வர்றப்ப, படத்துல வர்ற சின்னப் பொண்ணு செட்சுகோ பசியில கண்ணாடிக் கல்லை மிட்டாய்னு வாயில போட்டு சப்பிட்டு இருக்கா. குட்டி திரும்பி, "அது மிட்டாய் இல்லயே, ஏன் அவ துப்பல?"ன்னு கேட்டா. யாரும் வாயத் திறக்கல.

பழைய_விசிறி:
அவரை ரொம்பத் திட்டாதீங்க. 1988 ஏப்ரல்ல ஜப்பான்லயே அந்த ரெண்டு படத்தையும் ஜோடியாத்தான் தியேட்டர்ல விட்டாங்க. டோட்டோரோ மியாசாகி எடுத்தது, இது தகாஹாதா எடுத்தது. ஸ்டுடியோ பேரை மட்டும் பார்த்துப் போட்டா இப்படித்தான் ஆகும்.

கோர்ட்_ஓரம்:
எங்க சித்தப்பா ஒரு காலத்துல ஊர் வாலிபால் டீம்ல செட்டர். "கார்ட்டூன்லாம் எனக்கு எதுக்குடா"ன்னவர்கிட்ட தம்பி 'ஹைக்யூ'ங்கிற வாலிபால் அனிமே போட்டான். காகெயாமா தூக்கிப் போடற பந்தை ஹினாட்டா கண்ணை மூடிட்டு அடிப்பான்ல, அங்க எழுந்து நின்னுட்டார். "நிறுத்து, பின்னாடி போ! கண்ணை மூடிட்டா அடிக்கிறான்? யார்றா இவனுக்குக் கோச்?" அப்புறம் ரிமோட்டை யாருக்கும் தரல.

பழைய_விசிறி:
இதத்தான் சொல்ல வந்தேன். ஆளோட வயசைப் பார்க்காம, அவர் ஏற்கெனவே எதுல ஊறியிருக்கார்னு பாருங்க. ஷோனென் (பசங்களுக்கு), செய்னென் (வாலிபர்களுக்கு)கிறதெல்லாம் மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், வர்ற பத்திரிகை யாரைக் குறி வச்சு நடக்குதுங்கிறதுதான். ஹைக்யூ, ஒன் பீஸ், டெத் நோட் மூணும் 'ஷோனென் ஜம்ப்'ங்கிற ஒரே பத்திரிகைல வந்தது, மூணுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? க்ரைம் பிடிச்ச பெரியவங்களுக்கு 'மான்ஸ்டர்' கொடுங்க. ஜெர்மனியில ஒரு ஜப்பான் டாக்டர் ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தின பையன் பின்னாடி கொலைகாரனா வந்து நிப்பான். சண்டைக் காட்சி எதிர்பார்க்கறவங்களுக்கு அது ஆகாது, நகராது. நீளத்தையும் முன்னாடியே சொல்லிடுங்க. டெத் நோட் 37 எபிசோடு, மான்ஸ்டர் 74, ஒன் பீஸ் ஆயிரத்தைத் தாண்டிப் போயிட்டே இருக்கு. புதுசா வர்றவங்க சின்னதுல ஆரம்பிச்சா பயமில்ல.

மதுமதி:
சின்னதுன்னா பயமில்லயா? நல்லா சொன்னீங்க விசிறி சார். 'மடோகா மாஜிக்கா' மொத்தமே 12 எபிசோடு. ஹாஸ்டல்ல சீனியர் அக்கா ஒருத்தங்க "ரோஸ் கலர்ல க்யூட்டா இருக்கும்டி"ன்னு உட்கார வச்சாங்க. மூணாவது எபிசோடு பார்த்தவங்களுக்குத் தெரியும், பார்க்காதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அலறிட்டுத் திரும்பினா, அவங்க ஸ்கிரீனையே பார்க்கல. என் மூஞ்சியப் பார்த்துட்டு இருக்காங்க! அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. மிச்சத்தை ராத்திரியோட ராத்திரியா தனியா பார்த்து முடிச்சேன், அது வேற கதை.

பழைய_விசிறி:
அது அனிமே தப்பில்லம்மா, சீனியர் தப்பு.

மழைக்குருவி:
நீங்க ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. குட்டிக்கு இப்ப என்ன போடறது? அக்கா டோட்டோரோவையும் சேர்த்துத் தடை பண்ணிட்டா.

கோர்ட்_ஓரம்:
'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' போடுங்க, துடைப்பத்துல பறக்கிற பொண்ணு, கறுப்புப் பூனை, யாரும் சாக மாட்டாங்க. நடுவுல ஒண்ணு: ஹைக்யூ நாலு சீசனும் முடிஞ்சுது, அடுத்த மேட்ச் 2024ல படமா வந்துச்சாமே, எங்க பார்க்கலாம்னு சித்தப்பா குடையறார். யாருக்காவது தெரியுமா?