பந்தைக் காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்: பிள்ளைகளின் கால்பந்து, உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடி அப்பா

மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பத்து வயதுக்குட்பட்டோர் மேட்ச், ஏழு பேர் ஆட்டம், எங்களுக்குக் கோல் கிக். எதிர் அணி அடித்து நம் கோல் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை, நாம் கோல் முன்னாலிருந்து அடித்துத் தொடங்குவது. கீப்பர் தூக்கி அடிக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவனுக்குத் தரையோடு தட்டிவிட வேண்டும் என்று கோச் கொஞ்ச நாளாகப் பழக்குகிறார். 2019-ல் விதி மாறியதிலிருந்து பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற பெரிய கட்டத்துக்குள்ளேயே, நம் ஆள் வாங்கலாம் அல்லவா, அதுதான்.

வாங்கியது என் பையன். எதிர் அணிக்காரன் ஒருத்தன் ஓடி வருகிறான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. “தூக்கி அட்றா!” என்று கத்தினேன். அந்தப் பக்கமிருந்து கோச், “சைடுல, சைடுல!”

அவன் பந்தின் மேல் காலை வைத்து அப்படியே நின்றான். ஓடி வருகிறவனைப் பார்க்கவில்லை, வலது பக்கம் காலியாக நின்ற கூட்டாளியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகம். அதற்குள் பந்து கோலுக்குள் போய்விட்டது.

வண்டியில் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் தாண்டும் வரை பேச்சே இல்லை. அப்புறம் கேட்டான்: “நீ கத்துனியே, அது எனக்கா, கீப்பருக்கா?”

மண் கிரவுண்ட் கோச்

உங்கள் பையனாவது பந்தைத் தொட்டான். நான் கோச்சிங் ஆரம்பித்த வருஷம் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பெரிய கிரவுண்டில் பதினோரு பேராக நிறுத்தினேன். அவர்களை விட்டால் வெல்லத்தில் எறும்பு மாதிரி பந்தையே மொய்ப்பார்கள். அதைக் கலைக்கிறேன் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோன் அடையாளம் வைத்து, “இதை விட்டு நகரக் கூடாது” என்றேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, போர்டில் வரைந்த மாதிரி.

பாதி ஆட்டத்தில் இடது விங்கை, அதாவது இடது ஓரத்தில் ஆடுகிறவனைத் தேடினால் பையன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

“இன்னாடா பண்ற?”

“தும்பி சார்.”

“பந்து அங்க கீதே!”

“நீங்கதான சார் இந்த கோனை உட்டு நகரக் கூடாதுன்னீங்க.”

அன்றைக்கு அவன் பந்தைத் தொட்டது மூன்று தடவை. அதில் இரண்டு த்ரோ. கையால் தொட்டதையும் சேர்த்துத்தான் மூன்று.

மறுநாளே கிரவுண்டை நான்காகப் பிரித்தேன். மூன்றுக்கு மூன்று, பக்கத்துக்கு இரண்டு சின்ன கோல், செருப்பை வைத்து. ஜெர்மனிக்காரர் ஹோர்ஸ்ட் வெய்ன் கொண்டுவந்த ஃபுனினோ ஆட்டம்தான் இது, செருப்பு மட்டும் நம் ஊர்ச் சரக்கு. ஒரு கோலை எல்லாரும் அடைத்துக்கொண்டால் இன்னொன்று காலியாகக் கிடக்கும். “தலையைத் தூக்கிப் பாரு” என்று நான் ஒரு தடவைகூடக் கத்த வேண்டியிருக்கவில்லை, தானாகவே பார்த்தார்கள். எட்டு வயதில் பந்தை மொய்ப்பது தப்பே இல்லை. அந்த வயதில் பந்துதான் உலகம். அகலமாக நிற்பது, இடைவெளி பார்ப்பது எல்லாம் என் பிள்ளைகளிடம் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் ஒட்டியது.

பழைய ஏழாம் நம்பர், மேல்விஷாரம்

கோச் சார், செருப்பு கோல் எல்லாம் சரி. ஆனால் பள்ளிக் குறுவட்டப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோருக்கே பதினோரு பேர், பெரிய கிரவுண்ட். சின்ன ஆட்டம் ஆடியே வளர்ந்த பையன் அங்கே போய்த் திசை தெரியாமல் நிற்பான். நாங்கள் எல்லாம் பெரிய கிரவுண்டில்தான் கற்றுக்கொண்டோம், கெட்டா போய்விட்டோம்?

என் கதை. எங்கள் அணியில் ஒருத்தன் 13 வயதிலேயே மீசை அரும்பி, எங்களைவிட ஒரு தலை உயரம். ஜனவரியில் பிறந்தவன், நான் டிசம்பர். பி.டி. சாருக்கு ஒரே திட்டம்: “அவனுக்கே போடு.” நான் விங்கில் ஓடிப்போய் தூக்கிப் போடுவேன், அவன் தலையால் முட்டுவான், கோல். இரண்டு வருஷம் எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை.

17 வயதுப் பிரிவுக்கு வந்தபோது மற்றவர்களும் வளர்ந்துவிட்டார்கள். ஒரு மேட்சில் தூக்கிப் போட இடமில்லாமல் அவன் காலுக்குத் தரையோடு கொடுத்தேன். முதுகில் டிபென்டர் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். பந்து இவன் ஷூவில் பட்டு, வேறு யாருடைய பந்தோ போல உருண்டு போனது. அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கோபமில்லை, வெறும் ஆச்சரியம். அந்த வருஷமே நின்றுவிட்டான். இப்போது தோல் ஷெட்டில் சூப்பர்வைசர். பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பான், ஃபுட்பால் பேச்சை எடுக்க மாட்டான்.

ஆற்காடு மாமா

பாய், “கெட்டா போய்விட்டோம்” என்று கேட்டுவிட்டு, கெட்டுப்போனவன் கதையை நீங்களே சொல்லிவிட்டீர்களே!

சத்துவாச்சாரி சார்

என் அனுபவம் சின்னது. என் மகன் ஒன்பது வயதில், மழையில் ஊறிய அஞ்சாம் நம்பர் பந்தைத் தலையால் முட்டிவிட்டு வாந்தி எடுத்தான். டாக்டர் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார். அவ்வளவுதான்.

ஆனால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அஞ்சாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும், அதுவும் காய்ந்த பந்து. பெரியவர்கள் ஆடும் பந்து அது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை நாலாம் நம்பர், அதற்கும் கீழே மூன்றாம் நம்பர். அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் தலையால் முட்டக் கூடாது என்று 2015-லேயே முடிவெடுத்தார்கள். அப்புறம் கோல். பெரிய கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். நாலடிப் பையனை அதற்குள் நிறுத்தினால் தலைக்கு மேல் தூக்கி அடிப்பதுதான் சுலபமான வழி என்று எல்லாப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். அதைத் திறமை என்று நாம் கை தட்டுவோம். இங்கிலாந்தில் 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 அடிக்கு 6 அடி கோல், ஏழு பேர் ஆட்டம். அதற்கு அடுத்த படி ஒன்பது பேர். அதற்கப்புறம்தான் பதினொன்று. ஏழாம் நம்பர் பாய் கவனிக்க, நடுவில் ஒரு படி இருக்கிறது, யாரும் திடீரென்று பெரிய கிரவுண்டில் தள்ளிவிடப்படுவதில்லை. ஜெர்மனியிலும் 2024-25 சீசனிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன ஆட்டம்தான், கட்டாயம்.

இன்னொன்று, வரிசை. இருபது பிள்ளை, ஒரு பந்து, கோனைச் சுற்றி வந்து கோலுக்கு அடித்துவிட்டு மறுபடி வரிசைக் கடைசிக்குப் போ. ரேஷன் கடைக் க்யூவே தேவலை, அங்கே கடைசியில் அரிசியாவது கிடைக்கும். ஆளில்லாத கோனைச் சுற்றிப் பழகினால் கோனைச் சுற்றத்தான் வரும். எதிரில் ஒருத்தன் நின்று மறித்தால்தான் எப்போது பாஸ், எப்போது தாண்டுவது என்று யோசிப்பான். கடைசியாக வெயில். மே மாதம் வேலூரில் காலை ஒன்பதுக்கு மேல் பயிற்சி வைப்பவர்களை என்ன சொல்ல? காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள்.

மண் கிரவுண்ட் கோச்

சார், ஆறரைக்கு கிரிக்கெட்காரர்கள் ஆறு பிட்ச் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் வந்து காலி செய்து கொடுங்கள்.

குடியாத்தம் டீச்சர்

தப்பு என்னுடையது, அதனால்தான் எழுதுகிறேன். 14 வயதுப் பெண் பிள்ளைகள் அணி. ஆஃப்சைடு பொறி பழக்கினேன். கூட்டாளி பந்தை அடிக்கும் நேரத்தில் எதிர் அணிக்காரி நம் பின்வரிசையைத் தாண்டி முன்னால் நின்றால் ஆஃப்சைடு; வரிசை சட்டென்று ஏறி அவளை அப்படி மாட்டவைப்பதுதான் பொறி. நான் “ஸ்டெப்!” என்றால் பின்வரிசை நாலு பேரும் ஒன்றாக முன்னேறி வர வேண்டும். ஒரு மாதத்தில் கயிறு கட்டி இழுத்த மாதிரி வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேட்சில் எதிர் அணிக்கு த்ரோ. என் கடைசி டிபென்டர், நான் கத்தாமலேயே, தானாகவே “ஸ்டெப்!” என்று குரல் கொடுத்து எல்லாரையும் முன்னால் அழைத்து வந்தாள். பந்து தலைக்கு மேல் போனது, எதிர் அணிப் பெண் தனியாக ஓடினாள். இவள் கையை உயர்த்தி நடுவரைப் பார்க்கிறாள். த்ரோவில் ஆஃப்சைடு கிடையாதே! கோல் விழுந்து, பந்தை நடுவில் கொண்டுவந்து வைத்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

விதியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் போதாது என்று இப்போது தோன்றுகிறது. “ஸ்டெப்” எப்போது என்பதைப் பந்து வைத்திருப்பவளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் மேல் நம் ஆள் பாய்ந்து, அவள் தலை குனிந்திருந்தால் வரிசை ஏறலாம். அவள் நிமிர்ந்து, யாரும் நெருக்காமல் நின்றால் இறங்க வேண்டும். இதை நான் சொன்னதே இல்லை. அவர்கள் என் குரலைத்தான் பழகியிருந்தார்கள். இப்போது பயிற்சியில் நான் வாயைத் திறப்பதில்லை, பின்வரிசைப் பிள்ளைகளே கூப்பிடுகிறார்கள். தப்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், பாதி நேரம்.

காட்பாடி அப்பா

டீச்சர், நானும் வாயைத் திறக்கவில்லை. போன சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்துக்குப் போய், பையன் கண்ணில் படக் கூடாது என்று மைதானத்து மூலையில் இருக்கிற புங்க மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மறுபடி கோல் கிக், மறுபடி அவனுக்கே வந்தது. வேறொரு அப்பா கத்தினார், “தூக்கி அட்றா!”

பையன் பந்தை நிறுத்திவிட்டுப் புங்க மரத்தைப் பார்த்தான்.