அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை அதிகாரிகள் எழுதிய கடிதங்கள், டைரிகள்: உங்களை விடாத ஒரு இடம் எது?

மைப்புள்ளி:
ஹிக்கின்சனை இங்கே புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கவிஞர் எமிலி டிக்கின்சன் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாரோ அதே ஆள்தான். 1862 நவம்பரில் தென் கரோலினாவின் போஃபர்ட் பக்கம் வந்து, நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்களைக் கொண்ட முதலாம் தென் கரோலினா படைப்பிரிவுக்குக் கர்னல் ஆனார். அவருடைய முகாம் டைரியில் 1863 ஜனவரி 1 வந்ததும் நான் நின்றுவிட்டேன். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த லிங்கனின் பிரகடனம் வாசிக்கிற நாள், ஓக் மரங்களுக்கு அடியில் பெரிய கூட்டம். கொடியை வாங்கி அசைக்கிறார், அந்த நொடியில் மேடைக்குப் பக்கத்திலிருந்து வயசான ஒருவரின் உடைந்த குரல் 'மை கன்ட்ரி, டிஸ் ஆஃப் தீ' என்ற நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாட ஆரம்பிக்கிறது, கூடவே இரண்டு பெண் குரல்கள். யாரும் சொல்லிக்கொடுத்துப் பாடியது இல்லை. மேடையில் இருந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து பாட வாய் திறக்க, இவர் அவர்களை அடக்கிவிடுகிறார். சரி, நல்ல மனுஷன்தான். ஆனால் விருந்துக்கு மாடுகளை முழுசாகச் சுட்டதும், குடிக்க வெல்லப்பாகு, இஞ்சி, வினிகர் கலந்த தண்ணீர் வைத்ததும் வரை எழுதி வைத்தவர், பாட்டை ஆரம்பித்த அந்தப் பெரியவரின் பெயரை எழுதவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

தெற்குவாசல்:
அண்ணா, கொஞ்சம் நியாயமாகப் பார்ப்போம். 1861 நவம்பர் 7-ல் வடக்குக் கப்பற்படை போஃபர்ட் பக்கத்துப் போர்ட் ராயலைப் பிடித்ததும் பண்ணைக்காரர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள், சுமார் பத்தாயிரம் அடிமைகள் அந்தத் தீவுகளிலேயே தங்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்திருந்ததும் ஆயிரக்கணக்கான ஜனம். அதில் ஒரு குரலைத் தேடிப் போய்ப் பேர் கேட்க முடியுமா? கொடி பிடித்த பிரின்ஸ் ரிவர்ஸ், ராபர்ட் சட்டன் இருவர் பெயரையும் எழுதத்தானே செய்திருக்கிறார்.

எனக்கு இடறுவது வேற இடம். ராத்திரி நெருப்பைச் சுற்றி சிப்பாய்கள் பாடும்போது இவர் இருட்டில் போய் நின்று, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே பாட்டு வரிகளைக் கிறுக்கிக்கொள்வாராம், அப்புறம் கூடாரத்துக்குக் கொண்டு போய் ஒழுங்காக எழுதுவாராம். 1867-ல் அச்சிலும் போட்டார். அவர் எழுதவில்லை என்றால் பல பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பாடினவர்களுக்குத் தெரியாமல் பைக்குள் அசைந்த அந்தக் கையை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

சாவன்னா சித்தப்பு:
நீங்கள் இரண்டு பேரும் ஹிக்கின்சனோடேயே நிற்கிறீர்கள். ராபர்ட் கூல்ட் ஷாவின் கடிதங்களைப் பாருங்கள், 54-வது மாசசூசெட்ஸ் என்ற கறுப்புச் சிப்பாய்ப் படையின் கர்னல். 1863 ஜூன் 11, ஜார்ஜியாவில் டேரியன் என்ற சின்ன ஊர், எதிர்ப்பே இல்லை. அங்கே தலைமை தாங்கிய கர்னல் மான்ட்கோமரி ஷாவிடம் திரும்பி, தணிந்த குரலில், இந்த ஊரைக் கொளுத்தப் போகிறேன் என்கிறார். முகத்தில் இனிமையான ஒரு சிரிப்பு வேறு. ஷா இதை மனைவிக்கு எழுதுகிறார், பொண்டாட்டியிடம் புலம்புகிற மாதிரியே. தன் பேருக்கும் படைக்கும் அவமானம் என்கிறார், ஆனால் கட்டளை வந்ததும் தன் ஆட்களில் ஒரு கம்பெனியைக் கொளுத்த அனுப்பியதும் அவரேதான். அடுத்த மாதம் 18-ந் தேதி தெற்குப் படையின் வாக்னர் கோட்டையைத் தாக்கும்போது ஷா செத்துப்போனார். டேரியன் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும்: அதே மான்ட்கோமரிதான் அதற்குச் சில நாள் முன்னால், ஜூன் 2-ல், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மனோடு தென் கரோலினாவின் காம்பாஹீ ஆற்றில் போய் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தவர். ஆளை ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாது.

கூட்டெழுத்து:
எனக்கு இப்படிப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு நூலக வாசக அறையில் ஒரு லெப்டினன்ட்டின் கடிதம், காகிதம் மிச்சம் பிடிக்க எழுதின பக்கத்தையே திருப்பிக் குறுக்காக மேலே எழுதியிருந்தார், ஒரு வரி கூட விளங்காமல் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் இனி படிக்கப் போகிறவர்களுக்குச் சிலதைச் சொல்லி வைக்கிறேன். தேதியோடு 'இன்ஸ்ட்' என்று இருந்தால் இந்த மாதம், 'அல்ட்' என்று இருந்தால் போன மாதம். இதைக் கவனிக்காமல் சண்டை தேதியைக் குழப்பி வைத்திருக்கிற வலைப்பதிவுகள் ஏராளம். இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் நீளமாக, எஃப் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். குறுக்கெழுத்தை ஸ்கேனில் பார்க்கிறீர்கள் என்றால் படத்தைத் திருப்பி, ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பிடியுங்கள், மற்றது தானாக மங்கும். சொந்தக் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள், அதே நாளுக்கான உத்தரவும் அறிக்கையும் அரசு அச்சிட்ட அதிகாரபூர்வ ஆவணத் தொகுதிகளில் இருக்கும், 128 புத்தகம், முழுக்க இணையத்தில் கிடைக்கிறது. வீட்டுக்கு எழுதுகிறவர் தன்னைக் கொஞ்சம் நல்லவராகத்தான் காட்டுவார், மேலதிகாரிக்கு எழுதுகிறவர் கொஞ்சம் வீரராக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாசக அறைக்குப் பேனா கொண்டு போகாதீர்கள், பென்சில்தான்.

வைகைக்கரையான்:
கூட்டெழுத்து சார், நன்றி, ஆனால் அந்த 128 புத்தகமும் அதிகாரிகள் எழுதியதுதானே. கறுப்புச் சிப்பாய் சார்ஜன்ட் வில்லியம் வாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தென் கரோலினா படைப்பிரிவு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 போக 7. 1863 நவம்பரில் தன் கம்பெனியோடு போய்க் கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்துவிட்டார், இந்தச் சம்பளத்துக்கு வேலை செய்ய மாட்டோம் என்று. கலகம் என்று விசாரித்து, 1864 பிப்ரவரி 29-ல் ஜாக்சன்வில்லில் சுட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. நாலு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. அதிலும் போர் தொடங்கும்போதே சுதந்திரமாக இருந்தவர்களுக்குத்தான் முந்தின பாக்கி முழுசாக வந்தது, அடிமையாக இருந்து சேர்ந்தவர்கள் 1865 மார்ச் வரை காத்திருந்தார்கள். ஹிக்கின்சன் இதற்காகப் பத்திரிகைகளுக்கு எழுதி எழுதிச் சண்டை போட்டார், அதை மறைக்கவில்லை.

மைப்புள்ளி அண்ணன் கேட்ட பெயர்கள் வேண்டுமென்றால் அதிகாரிகளின் பெட்டியை விட்டுவிட்டு, சிப்பாய்களின் பென்ஷன் கோப்புகளுக்குப் போங்கள். பிறந்த பண்ணை, யாருக்கு அடிமை, எப்போது கல்யாணம், பக்கத்துக் கூடாரத்தில் யார் எல்லாம், சாட்சி சொல்ல வந்த கூட்டாளிகளே வாயால் சொல்லியிருப்பார்கள்.

மைப்புள்ளி:
சட்டனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ஹிக்கின்சனின் படைப்பிரிவு எண் பிற்பாடு 33 என்று மாறிவிட்டது, தேடுகிறவர்கள் அதையும் போட்டுத் தேடுங்கள்.