மறு: ‘செல்லிங்’ என்பதற்குத் தமிழில் என்ன? (அவசரம்)

பிழைதிருத்தி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இணைய இதழ் ஒன்றுக்காக இண்டி ரெஸ்லிங் (பெரிய நிறுவனம் சாராத, முடிவு முன்பே பேசிவைத்த காட்சி மல்யுத்தம்) நிகழ்ச்சியின் விமரிசனத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலைக்குள் ஏற்றியாக வேண்டும். எழுதியவர் விவரமான ரசிகர், ஆனால் வரிக்கு வரி ஆங்கிலம். இண்டி, ஹீல் (மேடை வில்லன்), பம்ப் (அடிபட்டு விழுவது) எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். என்னைப் படுத்தி எடுப்பது ‘செல்லிங்’, அதாவது பட்ட அடி வலிப்பதாக உடலால் காட்டுவது. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

“தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய இடது முழங்காலைக் கயிற்றில் மாட்டித் திருகினார் எதிராளி. அதன்பின் ஆட்டம் முடியும்வரை அந்தக் காலை அவர் மறக்கவேயில்லை. மூலைக் கம்பத்தில் ஏறும்போது வலது காலை முதலில் வைத்து, இடதைக் கையால் தூக்கி வைத்தார். பழக்கதோஷத்தில் அதே இடது காலால் உதைத்துவிட்டு, உதை வாங்கியவரோடு சேர்ந்து தானும் சுருண்டார். உடனே பாய்ந்து அழுத்தியிருந்தால் நடுவர் மூன்று எண்ணியிருப்பார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்ததில் அந்த நேரம் போய்விட்டது. அருமையான செல்லிங்.”

கடைசி வரியில் ‘அருமையான நடிப்பு’ என்று போட்டேன். எழுதியவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவரையும் இந்த இழையில் சேர்த்திருக்கிறேன். உதவுங்கள்.

---

நான்காம்வரிசை எழுதியது:

நான்தான் அந்த விமரிசனத்தை எழுதியவன். ‘நடிப்பு’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் அடுத்து வரும் சொல் ‘பொய்’. மேடை என்று ஒன்று இருக்கிறதே, அது மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரைப்பாய், அதை இழுத்துக் கட்டிய கேன்வாஸ். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி, கைகளைத் தரையில் அறைந்து விழப் பழகியிருக்க வேண்டும். பழகியவருக்கும் வலிக்கும். வலிக்காததை வலிப்பதாகக் காட்டுவதும் உண்டு, வலிப்பதை மறைத்துக்கொண்டு வேறொன்று வலிப்பதாகக் காட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான். அடித்தவனுடைய அடிக்கு மதிப்பு ஏற்றுவது அடிபட்டவனுடைய வேலை. இந்தக் கருத்து ‘நடிப்பு’க்குள் வரவில்லை ஐயா.

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு? வலிகாட்டல். முடிந்தது.

வலி என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று நோவு, அன்று வலிமை. வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தது முழங்கால் நோவை அறிவதற்கு அன்று. தன்வலி, மாற்றான்வலி எல்லாம் ஆற்றலைக் குறிப்பன. ஆக, வலிகாட்டல் என்றால் தன் நோவைக் காட்டுதல், அதன்வழி மாற்றானின் ஆற்றலைக் காட்டுதல். நான்காம்வரிசை கேட்ட இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்று. மல் என்பதே வலிமைதான். மல்+போர்=மற்போர். எதிராளியை வீழ்த்தி முதுகு தரையில் படக் கிடத்துகிறோமே, அந்த நிலையை மல்லாக்க என்கிறோம். மல்லாத்தல், மல்லாந்து எல்லாம் மல் அடியாகப் பிறந்தவை என்பது என் நெடுநாள் கருத்து. மல்லன் கிடத்திய நிலை மல்லாக்க. விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

---

ஓலை எழுதியது:

ஐயா, அந்தத் தனி மடல் வேண்டாம். கைக்குழந்தையையும் மல்லாக்கத்தான் கிடத்துகிறோம், அதை எந்த மல்லன் வீழ்த்தினான்?

வலிகாட்டல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரட்டைப் பொருள் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ‘வலிகாட்டினார்’ என்று படிக்கிற இளைஞர் மருத்துவரிடம் காட்டினார் என்று நினைப்பார்.

இலக்கியம்தான் வேண்டும் என்றால் புறநானூறு 80-ஐ எடுங்கள். சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான். ஒரு கால் மார்பில், இன்னொரு கால் பின்னால், மூங்கிலைத் தின்னப் பார்க்கும் பசித்த யானையைப்போல் இரண்டு பக்கமும் முறிய மோதுகிறான், இதை அவன் தந்தை தித்தன் பார்க்கட்டும் என்கிறார் புலவர். பிடியின் பெயர் சொல்லாமல் பிடியை அப்படியே கண்முன் நிறுத்திய விமரிசனம் அது. ஆனால் கீழே கிடந்த மல்லன் வலியை எப்படிக் காட்டினான் என்று ஒரு சொல் இல்லை. வென்றவனுக்குத்தான் பாட்டு. ஆகவே சங்கத்தில் தேடிப் பயனில்லை, இது வேறு வகை ஆட்டம்.

மெய்ப்பாடு என்றே சொல்லிவிட்டால் என்ன? உள்ளத்து உணர்வு உடலில் தெரிவது. தொல்காப்பியர் எட்டாகப் பிரித்துத் தந்திருக்கிறார். “முழங்கால் மெய்ப்பாடு அருமை.”

---

கயிறுமேல் எழுதியது:

“முழங்கால் மெய்ப்பாடு” என்று யாராவது பேசினால் நான் அரங்கை விட்டு வெளியே போய்விடுவேன்.

நம் ஆட்கள் இதற்கு ஏற்கெனவே சொல்வதைப் பாருங்கள். “என்னமா அடி வாங்குறான்!” ஆங்கிலக்காரர் அடியை விற்கிறார், நாம் வாங்குகிறோம். வியாபாரம் ஒன்றுதான், கல்லாவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் வேறு. அடிவாங்கல் என்று வைத்தால் மற்றவை தானாக வரும். நோ-செல் என்றால் ‘அடியை வாங்கவில்லை’. ஓவர்செல் என்றால் ‘அளவுக்கு மீறி வாங்கினார்’. யாருக்கும் அகராதி தேவையில்லை.

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

தெருப்பேச்சைக் கலைச்சொல் ஆக்குவது வழக்கமில்லை. போலீசிடம் அடி வாங்குவதும் இதுவும் ஒன்றா?

---

கயிறுமேல் எழுதியது:

தெருப்பேச்சுதான் ஐயா இந்தத் துறையே. கேஃபேப் (மேடைக் கதையை வெளியிலும் உண்மைபோலக் காப்பது), ஹீல், பேபிஃபேஸ் (மேடை நாயகன்), வொர்க் (பேசிவைத்தது), ஷூட் (நிஜமானது) எதுவும் பல்கலைக்கழகத்தில் செய்ததில்லை. திருவிழாக் கூடாரங்களிலும் பயணக் குழுக்களிலும் வெளியாருக்குப் புரியக் கூடாது என்று பேசிக்கொண்டவை. நன்னூல் இதற்குக் குழூஉக்குறி என்று பெயர் வைத்து இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றார்கள். அதுபோல இவர்கள் வலியைக் காட்டுவதை விற்பது என்றார்கள். குழூஉக்குறியைச் செந்தமிழாக்கினால் அதன் ருசியே போய்விடும்.

---

ஓலை எழுதியது:

கேஃபேப் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சொல் தேடவே வேண்டாம். அகத்திணையியலில் “நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்” என்று வருகிறதே, இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் பகைவர் வெளியிலும் பகைவராகவே நடமாடுவது நாடக வழக்கு. அது கிழிந்து உள்ளே இருப்பது தெரிந்தால் உலகியல் வழக்கு. 1996 மே 19 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கெவின் நாஷ், ஸ்காட் ஹால் என்ற இரு மல்லர்கள் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனத்தை விட்டுப் போகும் நேரம், பகைவராக ஆடியவர்களும் சேர்ந்து மேடையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது நாடக வழக்கு மீறல். மறு ஆண்டு நவம்பரில் மொன்றியலில் அதே நிறுவனத்து மல்லர் பிரெட் ஹார்ட்டிடம் சொல்லிவைத்த முடிவை அவருக்குத் தெரியாமல் மாற்றி மணியடித்தார்களே, அது உலகியல்.

---

நான்காம்வரிசை எழுதியது:

இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் என் விமரிசனத்தில் கேஃபேப் என்ற சொல்லே வரவில்லையே!

---

பிழைதிருத்தி எழுதியது:

அன்பர்களே, காலை என்றேன். இண்டிக்கும் ஹீலுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டு மறுபடியும் செல்லிங்குக்கு வாருங்கள்.

---

சிற்றெழுத்து எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இண்டிக்குப் பலரும் ‘சுயேச்சை’ என்று எழுதுகிறார்கள். ‘சுயேச்சை மல்லர்’ என்றால் டெபாசிட் இழந்தவர் மாதிரி தொனிக்கிறது. ‘தற்சார்பு’ இயற்கை விவசாயத்துக்குப் போய்விட்டது. சிற்றிதழ் என்கிறோம் அல்லவா, அதே அச்சில் ‘சிற்றரங்கு’ எப்படி? சிற்றரங்க மல்லாட்டம். மற்போர் என்ற சொல்லை ஒலிம்பிக்ஸுக்கு விட்டுவிடுவோம். முடிவு முன்பே பேசப்பட்டது என்பதால் போர் பொருந்தாது, ஆட்டம் பொருந்தும்.

ஹீலுக்குக் ‘கள்ளபார்ட்’, பேபிஃபேஸுக்கு ‘ராஜபார்ட்’. நாடக மேடையில் ஏற்கெனவே புழங்கியவை.

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

மல்லாட்டம் நன்று. வாழ்த்துகள் அம்மா. ஆனால் பார்ட் என்ன தமிழ்?

---

சிற்றெழுத்து எழுதியது:

நூறு ஆண்டு வாயில் புழங்கினால் தமிழ்தான் ஐயா. ஆங்கிலேயரே ஒரே சொல்லில் நிற்கவில்லையே. அமெரிக்காவில் பேபிஃபேஸ் என்றால் பிரிட்டனில் புளூ-ஐ, நீலக்கண்ணன். மெக்ஸிகோவில் தெக்னிகோ, ரூடோ. அவர்கள் நல்லவன் கெட்டவன் என்று பார்க்காமல், வித்தை கற்றவன், முரடன் என்று பிரித்தார்கள். அதனால் அங்கே ரூடோவுக்கென்றே உயிரை விடும் ரசிகர் கூட்டம் உண்டு, அதில் கூச்சமும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் மேடையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம் மேடையில் கள்ளபார்ட்டுக்குத்தான் கைதட்டு அதிகம்.

---

நான்காம்வரிசை எழுதியது:

கள்ளபார்ட் எனக்குச் சம்மதம். சிற்றரங்கு மட்டும் இடிக்கிறது. பெரும்பாலும் வாடகை மண்டபமும் மடக்கு நாற்காலியும்தான், ஒத்துக்கொள்கிறேன். ரீசிடாவில் அமெரிக்கன் லீஜியன் மண்டபத்தில் பிடபிள்யூஜி என்ற இண்டிக் குழு நடத்தியவை அப்படித்தான், பெயர் மட்டும் உலகம் பூராவும் தெரியும். ஆனால் 2018 செப்டம்பரில் சிகாகோ பக்கத்தில் ‘ஆல் இன்’ என்ற இண்டி நிகழ்ச்சி நடந்தபோது பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். பெரிய நிறுவனத்தின் பணம் இல்லாமல் மல்லர்களே முன்னின்று நடத்தியது. அதைச் சிற்றரங்கு என்று எழுத எனக்குக் கை வராது. அளவு இல்லை இங்கே விஷயம், ஒப்பந்தம். ஒரே மல்லர் வெள்ளிக்கிழமை ஒரு குழுவில் பட்டத்தோடு இருப்பார், சனிக்கிழமை வேறு குழுவில் தோற்பார். யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

---

கயிறுமேல் எழுதியது:

அப்படியானால் ‘கட்டற்ற மல்லாட்டம்’. ‘கட்டற்ற’ என்பதை எடுத்துக்கொண்ட மென்பொருள்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

---

ஓலை எழுதியது:

கட்டற்ற மல்லாட்டம் என்றால் விதி இல்லாத மல்லாட்டம் என்று ஆகிவிடும். மெக்ஸிகோ மல்லாட்டத்தின் பெயரான லூச்சா லிப்ரே என்பதன் நேர்பொருள் அதற்குப் பக்கத்தில் வருகிறது, குழப்பம் இரட்டிப்பாகும். இண்டி என்றே விடுங்கள், எல்லாருக்கும் தெரியும்.

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

எல்லாருக்கும் தெரியும் என்பதற்காக விட்டுவிட்டால் இந்தக் குழு எதற்கு?

---

பிழைதிருத்தி எழுதியது:

இண்டியை விட்டுவிடுகிறேன். மல்லாட்டம், கள்ளபார்ட் எடுத்துக்கொள்கிறேன். செல்லிங்குக்கு வலிகாட்டலா அடிவாங்கலா? கைதூக்குங்கள்.

---

நான்காம்வரிசை எழுதியது:

வாக்களிக்கும் முன் ஒரு சிக்கல். பம்ப் என்பதும் செல்லிங் என்பதும் வேறு. பம்ப் என்பது விழுவது, ஒரு நொடியில் முடிந்துவிடும். செல்லிங் அதற்கப்புறம் வருவது. நன்றாக விழுந்துவிட்டு, அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறவர்கள்தான் இண்டியில் அதிகம். விமரிசனங்களில் வரும் முக்கால்வாசிப் புகார் இதுதான். என் கட்டுரையின் மூன்றாவது பத்தியும் இதே புகார்: தலைகீழாகக் குத்தி இறக்கப்பட்டவர், நடுவர் இரண்டு எண்ணி முடிப்பதற்குள் எழுந்து பதிலுக்கு அதையே செய்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது, எனக்கு வெறுத்தது. விமரிசகர் டேவ் மெல்ட்ஸர் ஐந்து நட்சத்திர அளவுகோலில் 2017 ஜனவரி 4 டோக்கியோ டோம் ஆட்டத்துக்கு ஆறு கொடுத்தாரே, ஒமேகா-ஒக்காடா, அதன் நீளத்துக்கு அது தாங்கியதே பின்பாதியில் இருவரும் களைப்பைச் சுமந்ததால்தான் என்பேன்.

‘அடி வாங்கினார்’ என்றால் விழுந்ததையும் அது குறித்துவிடும். எனக்கு வேண்டியது விழுந்த பிறகு வருவது.

---

சிற்றெழுத்து எழுதியது:

ஐந்தில் ஆறா? அந்த அளவுகோலுக்கு முதலில் ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, உங்கள் மடலிலேயே சொல் இருக்கிறது. களைப்பைச் சுமந்தார்கள் என்றீர்கள். அடிசுமத்தல். “முழங்கால் அடியைக் கடைசிவரை சுமந்தார்.” “அடியைச் சுமக்கவே இல்லை, உதறிவிட்டு ஓடினார்.”

---

கயிறுமேல் எழுதியது:

அட! நான் வாங்கலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

ஓலை எழுதியது:

சுமத்தல் சரி. ஒரு நொடி செல்லிங்குக்குப் பொருந்தாது, நீண்டதற்குப் பொருந்தும். அரைமனத்தோடு ஆதரிக்கிறேன்.

---

பிழைதிருத்தி எழுதியது:

கட்டுரை போய்விட்டது. கடைசி வரி: “ஐந்தாம் நிமிடத்து அடியைக் கடைசி மணிவரை சுமந்தார்; அருமை.” கலைச்சொல்லாகப் போடவில்லை, வினையாக விட்டுவிட்டேன். அடைப்புக்குறியும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. அனைவருக்கும் நன்றி.

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

என் மறுப்பு பதிவாகட்டும். வினையாக விட்டுவிட்டால் தலைச்சொல் எங்கே? நாளை யாராவது தொகுக்கும்போது எதன்கீழ்ச் சேர்ப்பார்கள்? வலிகாட்டலே சரி.

தவிரவும், நீங்கள் யாரும் கேட்காத ஒன்று. அவருக்கு உண்மையிலேயே முழங்கால் பிசகியிருந்தால்? அப்போதும் ‘சுமந்தார்’தானா?

---

நான்காம்வரிசை எழுதியது:

உண்மையான காயம் என்றால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் பிடித்து மேடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் காட்டுவார் ஐயா. அன்று காட்டவில்லை.

---

ஓலை எழுதியது:

அந்தக் குறியையும்தான் பல இடங்களில் கதைக்குள் இழுத்துவிட்டார்களே. அதற்கு நாடக வழக்கா, உலகியல் வழக்கா?

---

வேர்ச்சொல்லன் எழுதியது:

மல்லாக்க பற்றிய மடலை முடித்துவிட்டு இதற்கு வருகிறேன்.